ஓம்னியை ஹைட்ரஜனுக்கு மாற்றலாமா? கோட்டையூர் ஆச்சிக்கு ஒரு பதில்

வந்த கடிதத்தின் சுருக்கம்:

"கோட்டையூரில் பலகாரத் தொழில் செய்கிறேன். மனகோலம், சீப்புச் சீடை, தேன்குழல், அதிரசம் எல்லாம் வாரம் இரண்டு தடவை மதுரைக்கும் ஒரு தடவை திருச்சிக்கும் எங்கள் 2016 மாடல் மாருதி ஓம்னி கார்கோ வேனில் போகின்றன. வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கிறது. பெட்ரோலுக்கே மாதம் பதினாறு, பதினேழாயிரம் ஆகிறது. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் கிட் ஒன்று இருப்பதாக ஒருவர் வந்து சொன்னார். விலை 38,000 ரூபாய், மைலேஜ் 40 சதவீதம் கூடும், 10,000 அட்வான்ஸ் கொடுங்கள் என்கிறார். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகனோ, அந்தக் கிட் வேண்டாம், பெட்ரோலையே எடுத்துவிட்டு முழு ஹைட்ரஜனுக்கு மாற்றலாம், பலகாரக் கொட்டகையை ஒட்டிய கார் செட்டிலேயே நான் செய்கிறேன் என்கிறான். மாடியில் 5 கிலோவாட் சோலார் இருக்கிறது, பக்கத்திலேயே சிக்ரி மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்பது அவன் வாதம். சிலிண்டருக்கு விசாரித்தும் வைத்திருக்கிறான். யார் சொல்வது சரி?"

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு, வணக்கம்.

முதலில் ஒரு வேண்டுகோள். அந்தப் பத்தாயிரத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். தம்பி சிலிண்டர் எதுவும் வாங்கிக்கொண்டு வந்திருந்தால், இந்தக் கடிதத்தை முழுதும் படிக்கும் முன்பே அதைக் கொட்டகைப் பக்கத்திலிருந்து அகற்றி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஏன் என்று பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டு பேர் இரண்டு விஷயம் சொல்கிறார்கள். ஒருவர் சொல்வதில் உண்மையே இல்லை. தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் உங்கள் தொழிலுக்கு அது உதவாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கிட் விஷயம் கணக்கில் அடங்கிவிடும். அந்த டப்பாவுக்குள் தண்ணீரும் காஸ்டிக் சோடா போன்ற ஒரு காரமும் ஸ்டீல் தகடுகளும் இருக்கும். வண்டியில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 240 வாட். ஆறு அறைகளைத் தொடராக இணைத்தால், இவ்வளவு மின்சாரத்துக்கு இவ்வளவு வாயு என்று சொல்லும் பாரடே விதிப்படி நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.9 லிட்டர் ஹைட்ரஜன் வரும். கண்ணாடிக் குடுவையில் குமிழ் குமிழாகக் கிளம்புவதைப் பார்த்தால் நிறைய வருவது போலத்தான் தெரியும். ஆனால் அந்த 0.9 லிட்டரை எரித்தால் கிடைக்கும் சக்தி 150 வாட் அளவுதான். உங்கள் ஓம்னி 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எரிக்கும் பெட்ரோலின் சக்தி 31,000 வாட்டுக்கு மேல். கிட் கொடுப்பது அதில் அரை சதவீதம்கூட இல்லை.

அந்த அரை சதவீதமும் இலவசமாக வரவில்லை. ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜின் எரிப்பது பெட்ரோல். இன்ஜினில் முக்கால் பங்கு சூடாகப் போய்விடுகிறது, ஆல்டர்னேட்டரில் இன்னும் கொஞ்சம் போகிறது. கூட்டிப் பார்த்தால், 150 வாட் ஹைட்ரஜனுக்காக 1,700 வாட் பெட்ரோலை எரிக்கிறோம். நாற்பது சதவீதம் கூடும் என்பவரிடம் இந்த ஒரு கணக்கைக் கேளுங்கள்.

"ஆனால் ஓட்டிக் காட்டினாரே" என்று சிலர் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். ஓட்டிக் காட்டுவது கஷ்டமில்லை. கிட் மாட்டும்போதே ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் மாற்றிவிடுவார்கள். சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் சிக்னலில் கைவைத்து, பெட்ரோல் குறைவாகப் பாயும்படி இன்ஜினை ஏமாற்றுவார்கள். கொஞ்ச நாளைக்கு மைலேஜ் கூடினாற்போல் இருக்கும். கலவை மெலிந்து இன்ஜின் சூடேறி எக்ஸாஸ்ட் வால்வு கருகிய பிறகுதான் விலை தெரியும். அப்படிக் கருகிய வால்வுகளை என் பட்டறையில் கழற்றி எடுத்திருக்கிறேன். அந்த வண்டிக்காரர்களில் ஒருவர் வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவர். அவர் முகத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

1996-இல் நம் நாட்டை, மூலிகையிலிருந்து எடுத்ததாகச் சொன்ன மூலிகைப் பெட்ரோல் ஒரு கலக்குக் கலக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அதே 1996-இல்தான் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், தண்ணீரில் கார் ஓட்டுகிறேன் என்று பணம் திரட்டிய ஸ்டான்லி மேயர் என்பவர் செய்தது மோசடி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த பின் மிஞ்சுவது. அடுப்பில் கிடக்கும் சாம்பலை மறுபடி விறகாக்க எவ்வளவு பாடுபட வேண்டுமோ, தண்ணீரை மறுபடி ஹைட்ரஜன் ஆக்கவும் அவ்வளவு சக்தி கொடுக்க வேண்டும். அதை வண்டிக்குள்ளேயே செய்து லாபம் பார்க்க முடியாது. சரி, கிட் விஷயத்தை இதோடு விட்டுவிடுவோம்.

இனி தம்பி கேட்பது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெட்ரோல் இன்ஜினில் ஹைட்ரஜன் ஓடுமா? ஓடும். பெட்ரோல் கார் பிறக்கும் முன்பே, 1807-இல் பிரான்சுவா ஐசக் டி ரிவாஸ் என்பவர் ஹைட்ரஜனை எரிக்கும் இன்ஜின் ஒன்றைச் செய்தார். நம் காலத்தில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 'ஹைட்ரஜன் 7' என்ற காரை நூறு மட்டும் செய்தது. பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின், மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கிய ஹைட்ரஜன். எட்டு கிலோ நிரப்பி 200 கிலோமீட்டர் போனது. மஸ்தா நிறுவனம் தன் ஆர்.எக்ஸ். 8 காரை ஹைட்ரஜனுக்கு மாற்றியபோது பெட்ரோலில் 210 குதிரைத்திறன் கொடுத்த இன்ஜின் ஹைட்ரஜனில் 109 தான் கொடுத்தது. டொயோட்டா 2021 மே மாதம் ஃபுஜி பந்தயக் களத்தில் ஹைட்ரஜன் இன்ஜின் கொரோலாவை 24 மணி நேரப் பந்தயத்தில் இறக்கியது. 2012-இல் டெல்லி பிரகதி மைதானத்தில் ஐ.ஐ.டி. டெல்லியும் மஹிந்திராவும் சேர்ந்து ஹைட்ரஜன் ஆட்டோக்களையே ஓட்டிக் காட்டினார்கள். 2023 பிப்ரவரியில் அசோக் லேலண்டும் ரிலையன்சும் ஹைட்ரஜன் இன்ஜின் லாரியைக் காட்டினார்கள். ஆகவே முடியாது என்று யாரும் தம்பியிடம் சொல்லக்கூடாது.

நானும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில், ஜெனரேட்டரில் இருந்த ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினை மாணவர்களோடு சேர்ந்து ஹைட்ரஜனுக்கு மாற்றினோம். ஹைட்ரஜன் வாயுச் சிலிண்டரைக் கட்டடத்துக்கு வெளியே சுவரோரம் நிறுத்தி, குழாய் மட்டும் உள்ளே வந்தது. தீ பின்னோக்கிப் போகாமல் இருக்க நடுவில் தண்ணீர்த் தொட்டித் தடுப்பு. முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் பெட்ரோலைவிட மெதுவாக, ஒரே சீராக இருந்தது. ஒரு மாணவி எவர்சில்வர் டம்ளரைச் சைலன்சர் வாயில் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் டம்ளருக்குள் வேர்த்து, துளித் துளியாகத் தண்ணீர் இறங்கியது. எல்லோரும் கைதட்டினோம். என் வாழ்க்கையில் நான் பார்த்த அழகான காட்சிகளில் அது ஒன்று.

அப்புறம் லோடு ஏற்றினோம். பாதி லோடு வருவதற்குள் 'டப்' என்று ஒரு வெடி. ஏர் கிளீனர் மூடி பறந்துபோய் ஜன்னல் கம்பியில் மோதியது. நல்லவேளையாக அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை. கழற்றிப் பார்த்தால் எக்ஸாஸ்ட் வால்வு முகத்தில் மிளகு அளவுக்குக் கரி. அந்தச் சின்னக் கரி கனன்று, உள்ளே வந்துகொண்டிருந்த ஹைட்ரஜனை வால்வு மூடும் முன்பே பற்றவைத்திருக்கிறது. பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கத் தேவைப்படும் பொறியில் பத்தில் ஒரு பங்கு போதும் ஹைட்ரஜனுக்கு. காற்றில் அது 4 சதவீதம் இருந்தாலும் பற்றும், 75 சதவீதம் இருந்தாலும் பற்றும். பெட்ரோல் ஆவிக்கு அந்த எல்லை 1.4-இலிருந்து 7.6 வரைதான்.

அதைச் சரிசெய்ய என்னென்ன செய்தோம் என்பது தம்பிக்குப் பயன்படும். சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும் குளிர்ச்சியான வகைப் பிளக் போட்டோம், பிளாட்டினம் முனை இல்லாததாக. பிளாட்டினமே ஹைட்ரஜனைப் பற்றத் தூண்டும். பிளக் இடைவெளியைக் குறைத்தோம். ஹைட்ரஜன் பெட்ரோலைவிடப் பல மடங்கு வேகமாக எரிவதால் பிளக் பொறி விடும் இக்னிஷன் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளினோம். காற்றோடு கலந்து உள்ளே அனுப்புவதை விட்டுவிட்டு, இன்லெட் வால்வு திறந்து கொஞ்சம் காற்று உள்ளே போன பிறகுதான் இன்ஜெக்டர் திறக்கும்படி மாற்றினோம். வெடி ஏறக்குறைய நின்றது. ஆனால் இழுவை திரும்பவில்லை. பெட்ரோலில் இழுத்த லோடில் முக்கால் பங்குகூட இழுக்கவில்லை. காரணம் எளிது. பெட்ரோல் ஆவி இன்ஜின் சிலிண்டருக்குள் 2 சதவீத இடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். ஹைட்ரஜன் 30 சதவீத இடத்தை அடைத்துக்கொண்டு காற்றை வெளியே தள்ளிவிடும்.

இரண்டு வாரம் கழித்து டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் பால்காப்பி நிறத்தில் இருந்தது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கிய நீராவி ஆயிலோடு கலந்துவிட்டது. எரியாமல் இறங்கும் ஹைட்ரஜனும் இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸில் தேங்கும், அது இன்னும் ஆபத்து. அதற்கென்று தனியாகக் காற்றோட்டம் வைக்க வேண்டியிருந்தது.

புகை விஷயத்திலும் ஒன்று சொல்லவேண்டும். ஹைட்ரஜன் வண்டியில் நீராவி மட்டும்தான் வரும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஹைட்ரஜனை எரிக்காமல் அதிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் எரிபொருள் செல் வண்டிக்கு அது சரி. இன்ஜினில் எரித்தால் சரியில்லை. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அந்தச் சூட்டில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆகும். அதைக் குறைக்க, தேவையான காற்றைப்போல இரண்டு மடங்குக்கு மேல் காற்று கொடுத்து மெலிந்த கலவையில் ஓட்டலாம். ஓட்டினால் இழுவை இன்னும் குறையும். உங்கள் ஓம்னியின் 796 சி.சி. இன்ஜின் பெட்ரோலிலேயே 35 குதிரைத்திறன் அளவுதான். அதில் பாதியை வைத்துக்கொண்டு, தீபாவளி நேரத்து லோடோடு மேலூர்ப் பாலம் ஏறுவதை நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் இன்ஜின் சமாச்சாரம். மூளையும் பொறுமையும் இருந்தால் இதெல்லாம் தீர்க்கக்கூடியதுதான். உண்மையான முடிச்சு இன்ஜினில் இல்லை ஆச்சி, டாங்கில் இருக்கிறது.

ஹைட்ரஜன் எடைக்கு எடை பெட்ரோலைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சக்தி உள்ளது. ஒரு கிலோ ஹைட்ரஜன் 3.7 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். அதைத்தான் தம்பி பாடப் புத்தகத்தில் படித்திருப்பார். ஆனால் அந்த ஒரு கிலோவைச் சாதாரணக் காற்றழுத்தத்தில் வைக்க 12,000 லிட்டர் இடம் வேண்டும். மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி பன்னிரண்டு. அதனால்தான் அழுத்திப் பிடிக்கவேண்டியிருக்கிறது.

தம்பி விசாரித்த சிலிண்டர் அநேகமாகத் தொழிற்சாலைகளுக்கு வரும் சிவப்பு வண்ண இரும்புச் சிலிண்டராகத்தான் இருக்கும். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு, காலிச் சிலிண்டரே 60 கிலோ அளவுக்குக் கனக்கும். அதற்குள் இருப்பது 7 கன மீட்டர் வாயு. எடை போட்டால் அரை கிலோவுக்குச் சற்று மேல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கென்றே சொன்னது போல இருக்கிறது. அந்த அரை கிலோவை எரித்து நீங்கள் 30 கிலோமீட்டர் போகலாம். கோட்டையூரில் கிளம்பினால் திருப்பத்தூர் தாண்டியதும் நின்றுவிடும்.

மதுரை போய்வர 180 கிலோமீட்டர். இப்போது 13 லிட்டர் பெட்ரோல் ஆகிறது. அதற்குச் சமமான ஹைட்ரஜன் மூன்றரை கிலோ. ஆறு சிவப்புச் சிலிண்டர், 360 கிலோ இரும்பு. ஐந்தாறு ஆட்களை ஏற்றினாற்போல. பலகார டின்களை எங்கே அடுக்குவீர்கள்?

"சி.என்.ஜி. சிலிண்டர் மலிவாகக் கிடைக்குமே, அதில் நிரப்பலாமே" என்று தம்பிக்குத் தோன்றலாம். அந்த யோசனை ஒருபோதும் வேண்டாம். முதலாவது, கொள்ளாது. 60 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய 200 மடங்கில், ஒன்பது கிலோ சி.என்.ஜி. பிடிக்கும், ஹைட்ரஜன் ஒரு கிலோகூடப் பிடிக்காது. இரண்டாவது, ஹைட்ரஜன் அணு மிகச் சிறியது. அழுத்தத்தில் இரும்புக்குள்ளேயே ஊடுருவி, அதன் வளைந்துகொடுக்கும் தன்மையைக் கெடுத்து, கண்ணுக்குத் தெரியாத விரிசலை உண்டாக்கும். வலுவான இரும்பாக இருந்தால் கேடு இன்னும் அதிகம். சிவப்புச் சிலிண்டருக்கு இதைத் தாங்குகிற இரும்பைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். கண்ட சிலிண்டரில் நிரப்பினால் என்றைக்கு விடும் என்று யாரும் சொல்ல முடியாது.

கார்களில் வைக்கும் ஹைட்ரஜன் டாங்க் கார்பன் இழையைச் சுற்றிச் செய்தது. 350 பார், 700 பார் தாங்கும். டொயோட்டா மிராயில் 700 பாரில் 5.6 கிலோ கொள்கிறது. உங்களுக்கு வேண்டிய மூன்றரை கிலோவுக்கு 350 பாரில் 146 லிட்டர் கொள்ளளவு டாங்க் வேண்டும். அதன் விலை லட்சங்களில். உங்கள் ஓம்னியை இன்றைக்கு விற்றால் கிடைக்கும் பணத்தைவிட அதிகம்.

டாங்கும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், நிரப்புவது எங்கே? கோட்டையூரிலிருந்து மதுரை வரைக்கும் சரி, திருமயம் வழியாகத் திருச்சி வரைக்கும் சரி, ஹைட்ரஜன் பங்க் ஒன்று கிடையாது. டெல்லியில் அந்த ஆட்டோக்கள் ஓடியதற்குக் காரணம், மைதானத்துக்குள்ளேயே நிரப்பும் நிலையம் வைத்துக்கொண்டு அந்த வளாகத்துக்குள்ளேயே ஓட்டினார்கள்.

சோலாரில் நாமே எடுக்கலாம் என்பதும் கணக்குப் பார்க்க வேண்டிய விஷயம். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஒன்பது லிட்டர் சுத்தமான தண்ணீரும் 50 முதல் 55 யூனிட் மின்சாரமும் வேண்டும். அழுத்தி நிரப்புவதற்குத் தனி மின்சாரம். உங்கள் 5 கிலோவாட் சோலார் நல்ல வெயிலில் நாளைக்கு 20 யூனிட் கொடுக்கும். அதில் கிடைக்கும் ஹைட்ரஜனை வைத்து ஓம்னி 19 கிலோமீட்டர் போகும். காரைக்குடிக்கு ஒரு தடவை போய்வரலாம். அதே 20 யூனிட்டைப் பேட்டரியில் ஏற்றினால் ஒரு சின்ன மின்சாரச் சரக்கு வண்டி 100 கிலோமீட்டர் போகும்.

இந்தக் கணக்கைத்தான் தம்பி தன் கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். யூனிட் எட்டு ரூபாய், பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு மதுரை டிரிப்புக்கு ஹைட்ரஜனுக்கு ஆகும் மின்சாரம் மட்டும் 1,500 ரூபாய்க்கு மேல். இப்போது நீங்கள் போடும் பெட்ரோல் 1,300. மின்சார வண்டிக்கு 290 அளவு. சூரிய ஒளியோ, மின்வாரியமோ, மின்சாரம் எங்கிருந்து வந்தாலும் இந்த விகிதம் மாறாது. மின்சாரத்தை ஹைட்ரஜன் ஆக்கி, அழுத்தி, அடைத்து, அப்புறம் முக்கால் பங்கைச் சூடாக வெளியே விடும் இன்ஜினில் எரிக்கிறோம். ஒவ்வொரு படியிலும் கொட்டிக்கொண்டே போகிறோம்.

இனி எனக்கு மிகவும் கவலை தந்த விஷயத்துக்கு வருகிறேன். கார் செட் கொட்டகையை ஒட்டி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பலகாரக் கொட்டகை என்றால் விடிகாலையிலிருந்து அடுப்பு எரியும். அதன் பக்கத்தில் ஹைட்ரஜன் சிலிண்டரைத் திறந்து வேலை பார்ப்பது கூடவே கூடாது. சமையல் கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லும், ஏனென்றால் அதில் வாடை சேர்த்திருக்கிறார்கள். ஹைட்ரஜனுக்கு வாடை கிடையாது. சமையல் கேஸ் தரையோடு தேங்கும், கதவைத் திறந்தால் போய்விடும் என்று நமக்குப் பழக்கம். ஹைட்ரஜன் காற்றைவிடப் பதினான்கு மடங்கு லேசு. மேலே போய்க் கூரைக்கடியில் தேங்கும். வளவு போலத் திறந்த முற்றமாக இருந்தால் வானத்துக்குப் போய்விடும். நான்கு பக்கமும் சுவர் வைத்து மேலே தளம் போட்ட கார் செட்டில் எங்கே போகும்? சுவிட்ச் போடும் பொறி போதும், நைலான் சட்டையைக் கழற்றும்போது வரும் பொறி போதும். பற்றினால் அந்தச் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. கை சுட்ட பிறகுதான் தீ என்று தெரியும். கொட்டகையில் வேலை பார்க்கும் பெண்கள் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. எத்தனை பேராக இருந்தாலும் அவர்களை நினைத்துத்தான் முதல் வரியிலேயே சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

சட்டமும் இடம் கொடுக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடி கம்பெனி கொடுத்த விவரங்களை நாமாக மாற்றக்கூடாது. சி.என்.ஜி., எல்.பி.ஜி. மாற்றத்துக்கு அங்கீகாரம் பெற்ற கிட், அங்கீகாரம் பெற்ற பட்டறை, அப்புறம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு என்று வழி இருக்கிறது. வீட்டில் செய்த ஹைட்ரஜன் மாற்றத்துக்கு அப்படி வழி இல்லை. மீறினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அழுத்த வாயுச் சிலிண்டருக்கு நாக்பூரில் தலைமையகம் உள்ள வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் தனி. உங்கள் சரக்கு வண்டி வருஷா வருஷம் எஃப்.சி.க்குப் போகவேண்டியது, அங்கேயே நிறுத்திவிடுவார்கள். விபத்து ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடும்.

ஹைட்ரஜனே வீண் என்று தம்பி எடுத்துக்கொள்ளக்கூடாது. சென்னை ஐ.சி.எஃப்.பில் செய்த ஹைட்ரஜன் ரயில் பெட்டியை 2025 ஜூலையில் ஓட்டிப் பார்த்தார்கள். மத்திய அரசு 2023 ஜனவரியில், சூரிய ஒளி, காற்று போன்றவற்றின் மின்சாரத்தில் எடுக்கும் பச்சை ஹைட்ரஜனுக்கு 19,744 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. உரம், சுத்திகரிப்பு, இரும்பு உருக்குதல், கனரக லாரி என்று அதற்கு உரிய இடங்கள் இருக்கின்றன. நாளெல்லாம் ஒரே தடத்தில் ஓடி ஒரே இடத்தில் நிரப்பிக்கொள்ளும் பெரிய வண்டிக்கு அது பொருந்தும். வாரம் மூன்று நாள் மதுரைக்கும் திருச்சிக்கும் பலகாரம் கொண்டுபோகும் ஓம்னிக்குப் பொருந்தாது.

சிக்ரியைப் பற்றித் தம்பி சொன்னதில் எனக்கும் பெருமை உண்டு. அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று திறந்த ஆய்வகம் அது. தண்ணீரை மின்சாரத்தால் பிரிப்பது உட்பட மின்வேதியியல் முழுக்க அதன் துறை. ஆனால் அங்கே ஆராய்ச்சி நடக்கிறது, சிலிண்டர் நிரப்பிக் கொடுக்கும் கடை இல்லை. சிக்ரியின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள் செப்டம்பர் 26. அதை ஒட்டி மாணவர்களை உள்ளே பார்க்க விடுவது வழக்கம். தம்பி தவறாமல் போகட்டும். மின்பகுப்பு செல்லையும் எரிபொருள் செல்லையும் நேரில் பார்க்கட்டும், அங்குள்ளவர்களிடம் கேட்கட்டும். நான்காம் ஆண்டு புராஜெக்டுக்கு ஒற்றை சிலிண்டர் இன்ஜினை எடுத்து, கல்லூரி ஆய்வகத்தில், பேராசிரியர் பக்கத்தில் இருக்க, வாயுச் சிலிண்டரைச் சுவருக்கு வெளியே வைத்துச் செய்யட்டும். அன்றைக்கு என்னையும் கூப்பிட்டால் வருகிறேன். என் பழைய குறிப்பு நோட்டு இன்னும் இருக்கிறது, அதையும் கொண்டுவருகிறேன்.

உங்கள் வண்டிக்கு என்ன செய்யலாம்? வழியில் உங்களுக்குத் தோதான சி.என்.ஜி. பங்க் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், முறையான கிட் போட்டு ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். அந்தச் சிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், கொஞ்சம் இடமும் போகும். ஆனால் பத்து வருஷம் ஆன வண்டியில் அந்தச் செலவைப் போடும் முன் இன்னும் எத்தனை வருஷம் ஓட்டப்போகிறீர்கள் என்று யோசியுங்கள். நானாக இருந்தால் போடமாட்டேன். இரண்டு மூன்று வருஷம் இதையே ஒழுங்காகப் பராமரித்து ஓட்டிவிட்டு, அடுத்த வண்டியை மின்சார வண்டியாக வாங்குவேன். சோலார் வேறு இருக்கிறது. ஒரே சார்ஜில் மதுரை போய்த் திரும்ப முடியாது என்பது உண்மை. மதுரையில் சரக்கு இறக்கும் இடத்தில் இரண்டு மணி நேரம் சார்ஜ் போட வசதி உண்டா என்று இப்போதே கடைக்காரரிடம் கேட்டு வையுங்கள். அது இருந்தால்தான் இந்த யோசனை கூடிவரும்.

அதுவரைக்கும், இந்த வாரமே காரைக்குடியில் உங்கள் வழக்கமான மெக்கானிக்கிடம் வண்டியை விடுங்கள். ஏர் ஃபில்டர், பிளக், ஆக்சிஜன் சென்சார், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்பது, வீல் அலைன்மென்ட், இந்த ஐந்தையும் பார்க்கச் சொல்லுங்கள். டயர்க் காற்றை லோடு ஏற்றும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிக்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் ஓம்னி லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடக் கொடுத்தாலே மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிஞ்சும். ஒவ்வொரு தடவையும் டாங்கை முழுதாக நிரப்பி, கிலோமீட்டரையும் லிட்டரையும் பலகாரக் கணக்கு நோட்டிலேயே ஒரு பக்கத்தில் எழுதிவரச் சொல்லுங்கள். ஒரு மாதம் எழுதிய பிறகு அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.